துணைக்கு ஒரு நடை

பத்து நாள் தனியறை என்று டாக்டர் சொன்னபோது நான் கலங்கவில்லை. தொற்றுக் காய்ச்சல்தான். யாரும் காலை மிதிக்காத பத்து நாள் என்றால் பஸ் கண்டக்டருக்குச் சும்மாவா? புது மனிதனாக வெளியே வருவேன் என்று சபதம் எடுத்தேன். அட்டவணை எழுதி, கதவுக்கு அடியில் மனைவிக்கு ஒரு நகல் தள்ளினேன். ஆறுக்கு நடை. ஏழுக்குக் குளியல். எட்டுக்குப் புத்தகம்.

முதல் நாள் நடந்தேன். இரண்டாம் நாள் முடியவில்லை. ஆனால் மானம் என்று ஒன்று இருக்கிறதே. கட்டிலில் கிடந்தபடியே செருப்பு இரண்டையும் கைகளில் மாட்டித் தரையில் தட்டினேன். டக், டக், டக்.

"நடக்குறீங்களா?" வெளியிலிருந்து அவள்.

"பின்ன? மூச்சு வாங்குது."

"அடேங்கப்பா" என்றாள்.

மூன்றாம் நாள் தட்டவும் மனசில்லை. தினமும் ஆயிரம் பேரை 'முன்னால போங்க' என்று விரட்டுகிறவன் நான். இப்போது விரட்ட ஆளில்லை. குளிக்கவில்லை. சாப்பாடு வைத்தது வைத்தபடி கிடந்தது. காரணமே இல்லாமல் அழுகை வந்தது. எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

சாயங்காலம் கதவருகே அவள் குரல் தழுதழுத்தது.

"என்னங்க, எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

"காய்ச்சலா?"

"அதெல்லாம் இல்ல. பேச ஆளில்லாம வீடே பிடிக்கல. சோறு எறங்கல."

"ஐயோ, சாப்பிடாம இருக்காதம்மா."

"நீங்க சாப்பிட்டா நானும் சாப்பிடுறேன். காலையில நான் ஹால்ல நடக்குறேன், நீங்க உள்ள நடங்க. துணையா இருக்கும்."

பாவம், மனசு உடைந்துவிட்டாள். வீட்டில் ஒருவராவது தைரியமாக இருக்க வேண்டாமா? என் அழுகையை ஓரம் கட்டினேன். மறுநாள் ஆறு மணிக்கு வெளியே டக், டக். உள்ளே நானும். நடந்துகொண்டே பயணிகள் கதையெல்லாம் சொன்னேன். அவள் சிரித்தாள். குளிக்காமல் பேசினால் குரலிலேயே தெரிகிறது என்றாள், குளித்தேன். தட்டு காலியானது. தூக்கம் வந்தது. இன்னொருத்தரைத் தேற்றினால் நமக்கே இவ்வளவு தெம்பு வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

"நீங்க மட்டும் இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேனோ" என்றாள் ஒன்பதாம் நாள்.

"நான் இருக்கேன்ல" என்றேன்.

பதினோராம் நாள் காலை. விடுதலை. வெளியே டக், டக் கேட்டது. அவளோடு நேரில் நடக்கலாம் என்று சத்தமில்லாமல் தாழ்ப்பாளை விலக்கினேன்.

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் பேப்பர். இரண்டு கையிலும் செருப்பு.

"எத்தன நாளா?" என்றேன்.

"சேந்து நடந்த மொத நாள்லேருந்தே. வீட்டு வேலை அத்தனையும் பாத்துட்டு நடக்க வேற செய்யணுமா?"

"அப்ப நீ சோறு எறங்கலன்னு சொன்னது?"

"அது நெசம். நீங்க தொடாத தட்டப் பாத்துத்தான் பயந்தேன்."

அவள் செருப்பைக் கழற்றிக் கீழே போட்டாள்.

"ஆனா ஒண்ணு சொல்றேன். அன்னிக்கு நீங்க ஒரே எடத்துல தட்டினீங்க, ரெண்டே நிமிஷத்துல மாட்டிக்கிட்டீங்க. நான் நகந்து நகந்து தட்டினேன். படுத்துக்கிட்டு நடக்குறதையாவது ஒழுங்கா செய்யக்கூடாதா?"