முதுகில் நாலு முடிச்சு

என் தோல் என்னுடையது. இந்த ஒரு வரியை வாய் திறந்து சொல்ல எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் பிடித்தது. சொன்ன இடம் சமையலறை வாசல். நாள், ஞாயிற்றுக்கிழமை. கேட்டவள் என் மனைவி. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் சொன்னேன். நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

விவகாரம் இதுதான். நான் ஏசி மெக்கானிக். ஊரிலுள்ள ஆபீசையெல்லாம் குளிர வைத்துவிட்டு நான் மட்டும் வெயிலில் வேகிறவன். காலை எட்டரைக்கு மோட்டார் சைக்கிளில் ஏறினால், சாயங்காலத்துக்குள் ஏழெட்டு மொட்டைமாடி பார்த்துவிடுவேன். அந்த வருஷம் வெயில் கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம் செய்தது. முழங்கைக்கு மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம் என்று, இரண்டு ஆட்களின் கையை வெட்டி ஒட்டியது போல ஆகிவிட்டேன். பின்கழுத்து உரிந்து, சட்டைக் காலர் பட்டாலே சுரீர் என்றது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே என் மனைவிக்குத் தெரிந்துவிட்டது.

தெரியாமல் இருக்குமா? அவள் வேலை பார்ப்பது சாயப்பட்டறையில், சோதனை அறையில். சாயமேற்றிய துணியில் ஒரு துண்டு எடுத்து, பாதியை அட்டையால் மூடி வெயிலில் வைப்பார்கள். சில நாள் கழித்து அட்டையை எடுத்துவிட்டு, மூடின பாதியையும் மூடாத பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க் போடுவாள். ஐந்து வாங்கிய துணி கடைக்குப் போகும். ஒன்று வாங்கினால் பட்டறையில் மெஷின் துடைக்கப் போகும். அவள் கண்ணில் மண்ணைத் தூவிய துணி இதுவரை நெய்யப்படவில்லை என்று அவளுடைய மேனேஜரே சொல்லியிருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேஜைமேல் நாலு பொருள் இருந்தது. மணிக்கட்டிலிருந்து தோள்வரை இழுத்து மாட்டுகிற ஒரு ஜோடி ஸ்லீவ். ஒரு ஜோடி க்ளவுஸ். கழுத்தைச் சுற்றிக்கொள்ள ஒரு துணி. ஒரு ட்யூப் கிரீம்.

"என்ன இதெல்லாம்?"

"வண்டியில போறப்ப போட்டுக்கறதுக்கு."

"யாரு?"

"எதிர்வீட்டுக்காரருக்கு வாங்கி நம்ம மேஜையில வெப்பேனா?"

"நான் ஆம்பள. ஆம்பளைக்கு எதுக்கு கிரீம்?"

"வெயில் ஆம்பளையா பொம்பளையான்னு கேட்டுட்டா சுடுது?"

"கறுத்தா கறுத்துட்டுப் போறேன். கறுப்புக்கு என்ன குறைச்சல்?"

"கறுப்பை யாரு குறை சொன்னா? கறுக்கறது வேற, வெந்துபோறது வேற. தலகாணியில கழுத்து பட்டா தூக்கத்துல முனகறீங்க. உங்களுக்குக் கேக்காது. எனக்குக் கேக்குது." அவள் குரல் லேசாகக் கம்மியது. "துணி வெளுத்தா வேற துணி எடுத்துக்கலாம். புருஷனுக்கு எங்க போறது?"

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் மனசு இளகிவிட்டது. கை தானாக அந்த ஸ்லீவ் பக்கம் நகர்ந்தது. அப்போதுதான் எனக்கு மீசையின் ஞாபகம் வந்தது.

மீசை எங்கள் ஒர்க்‌ஷாப்பின் ஸ்டோர்கீப்பர். உதிரிபாகங்கள் கொடுப்பது அவருக்கு உபதொழில். பட்டப்பெயர் கொடுப்பதுதான் முழுநேர வேலை. மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் மெக்கானிக் ஒருவன் க்ளவுஸ் போட்டுக்கொண்டு வந்தான். மீசை அவனை ஏற இறங்கப் பார்த்தார். "வாங்க கல்யாணப் பொண்ணே" என்றார். அவ்வளவுதான். இன்றைக்கும் அவன் கல்யாணப் பொண்ணுதான். ஃபோனில் வாடிக்கையாளர்களே "கல்யாணப் பொண்ணை அனுப்புங்க" என்கிறார்கள்.

என் பட்டப்பெயர் சிங்கம். உச்சிவெயிலில், தலையில் தொப்பிகூட இல்லாமல், தகரக் கூரைமேல் உட்கார்ந்து இரண்டு ஏசியை ஓட வைத்த அன்றைக்கு மீசை தன் திருவாயால் சூட்டியது. வீட்டில் என்னை யாரும் சிங்கம் என்று கூப்பிடுவதில்லை. உலகத்தில் அந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில்தான் எனக்குப் பிடரி உண்டு. அதையும் இழப்பதா? சிங்கம் ஸ்லீவ் மாட்டுமா? அப்போதுதான் நான் மேலே சொன்ன அந்த வீரவசனத்தைச் சொன்னேன்.

"என் தோல் என்னோடது!"

"சரி. சாப்பாடு யாரோடது?" என்றாள், அடுப்பைப் பார்த்தபடியே.

போராட்டம் நாற்பது நிமிஷம் நீடித்தது. பிறகு பசித்தது. நிபந்தனையின்றிச் சரணடைந்தேன். ஆனால் அது வாயளவில்தான். மனசுக்குள் சிங்கம் சிங்கமாகத்தான் இருந்தது.

அன்று சாப்பிட்டு எழுந்ததும் அவள் என் இடது முன்கையைப் பிடித்துப் பார்த்தாள். "இங்க கீறியிருக்கு பாருங்க." ஏசியின் தகடு எங்காவது கீறியிருக்கும், எனக்குக் கண்ணுக்கே தெரியவில்லை. விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்திரி ஒட்டினாள். அதற்குப் பிறகு தினமும் நான் குளித்துவிட்டு வந்ததும் பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டினாள். அதே இடத்தில், இம்மி பிசகாமல். இவளிடமா சண்டை போட்டோம் என்று எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

வெட்கம் ஒருபக்கம் இருக்கட்டும். என் திட்டம் இப்படி. காலையில் வீட்டில் எல்லாவற்றையும் மாட்டிக்கொள்வேன். கழுத்துத் துணியை மூக்குவரை இழுத்துவிட்டால், கண் இரண்டைத் தவிர என்னில் எதுவும் வெளியே தெரியாது. வங்கிக்குள் போனால் காவலாளி துப்பாக்கியை எடுத்துவிடுவார். மனைவி வாசலில் நின்று பூரிப்போடு கையசைப்பாள். நான் இரண்டு தெரு தாண்டி, பஞ்சர் கடை நிழலில் வண்டியை நிறுத்துவேன். ஸ்லீவ், க்ளவுஸ், கழுத்துத் துணி எல்லாம் டூல் பெட்டிக்குள் போகும். சாயங்காலம் அதே நிழலில் திரும்ப மாட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக வீட்டுக்கு வருவேன்.

பஞ்சர் கடைக்காரர் முதல் நாள் மட்டும் கேட்டார். "ஏண்ணே, வேஷம் கட்டறீங்களா, கலைக்கறீங்களா?"

"குடும்ப விஷயம்."

"அப்ப நான் பாக்கலை."

கிரீம்தான் கொஞ்சம் தொல்லை கொடுத்தது. ட்யூப் தினமும் இளைக்கிறதா என்று அவள் பார்ப்பாள். அதனால் நாளுக்கு ஒரு விரல் எடுத்து வண்டி சீட்டில் தேய்த்தேன். சீட்டு பளபளவென்று ஆகிவிட்டது. ஆறு நாள் இப்படி ஓடியது. ஆறு நாளும் நான் ஒர்க்‌ஷாப்பில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கர்ஜித்தேன். பதினோரு வருஷத்தில் முதல்முறையாக என் மனைவிக்குத் தண்ணி காட்டிவிட்டேன் என்ற நினைப்பே ஏசி போல ஜில்லென்று இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை, வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால், அவள் என்னை ஜன்னல் பக்கம் கூப்பிட்டாள்.

"கையை நீட்டுங்க."

நீட்டினேன். பிளாஸ்திரியை மெதுவாக உரித்தாள். கீறல் இல்லை. தழும்பும் இல்லை. கரிந்த கைக்கு நடுவில், விரல் நீளத்துக்கு, வெளிறிய கோடு ஒன்று, அளவெடுத்து வரைந்தது போல இருந்தது.

மூடின பாதி. மூடாத பாதி. பதினோரு வருஷம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்பதை அந்த ஒரு வாரம் மறந்து தொலைத்திருக்கிறேன்!

அவள் என் கையை வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினாள். "ரெண்டு மார்க்" என்றாள்.

"என்னது?"

"ரெண்டுதான் தரலாம். ஸ்லீவுக்குள்ள இருந்த கை இப்படியா ஆகும்? ஆறு நாளும் ஸ்லீவ் போட்டீங்கதானே?"

இங்கேதான் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என்ன, ஒரு மணி நேரம் திட்டு. ஆனால் கையும் களவுமாக மாட்டிக்கொண்ட பிறகும் முறைத்துக்கொண்டு நிற்பவன்தானே வீரன்?

"போட்டேன்! ஒரு நிமிஷம்கூடக் கழட்டலை. துணிதான் மோசம். வெயில் அப்படியே உள்ள பூந்துடுது!"

"அப்படியா?"

"சல்லடை! சுத்தச் சல்லடை! வெயில் உள்ள வந்து சம்மணம் போட்டு உக்காந்துக்குது!"

அவள் ஸ்லீவை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். யோசித்தாள். "ஆமாங்க" என்றாள். "நீங்க சொல்றது சரிதான். துணி மேலதான் தப்பு."

நம்பிவிட்டாள்! அன்று முழுக்க நான் விசிலடித்துக்கொண்டே வேலை பார்த்தேன். மீசை, "என்ன சிங்கம், வேட்டை பலமா?" என்று கேட்டார். "அமோகம்" என்றேன்.

சாயங்காலம் அவள் ஒரு கனமான துணிச்சுருளோடு வந்தாள். வாடாமல்லி நிறம். கண் கூசியது.

"எங்க பட்டறையில இந்த வருஷம் அஞ்சு மார்க் வாங்கின ஒரே துணி. நாப்பது நாள் வெயில்ல போட்டோம், அசையலை. சல்லடைன்னு வருத்தப்பட்டீங்களே, உங்களுக்காகக் கேட்டு வாங்கினேன்."

இரண்டு நாள் தையல் மெஷின் ஓடியது. வியாழக்கிழமை காலை, தைத்து முடித்த மேல்சட்டையை எனக்கு மாட்டிவிட்டாள். தாடைவரை காலர். முழுக்கை. கையின் நுனியிலேயே க்ளவுஸ் சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. முன்னால் பட்டன் இல்லை. ஜிப் இல்லை. முதுகுப் பக்கம் நாலு நாடா.

"முன்னாடி ஒரு ஜிப் வெச்சிருக்கலாமே?"

"ஜிப் இடுக்கு வழியா வெயில் பூந்துடுமே. நீங்கதானே சொன்னீங்க, பூந்துடுதுன்னு."

"அதுக்காக முதுகுல முடிச்சா?"

"மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றாள். நாலு முடிச்சும் விழுந்தது.

கண்ணாடியில் பார்த்தேன். சிங்கத்தைக் காணோம். மழைக்கு முளைத்த ஏதோ ஒரு செடி நின்றுகொண்டிருந்தது. ஆனாலும் நான் கலங்கவில்லை. இரண்டு தெரு தாண்டினால் பஞ்சர் கடை. நிழல். விடுதலை.

பஞ்சர் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த ட்யூபைக் கீழே போட்டார்.

"அண்ணே… நீங்களா?"

"பேச்சு அப்புறம். முதுகுல முடிச்சு இருக்கு, அவிழ்த்து விடுங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்தார். இழுத்தார். நெம்பினார். பல்லால் கடித்தார். டயர் நெம்புகிற கம்பியைக்கூட விட்டுப் பார்த்தார்.

"என்ன முடிச்சுண்ணே இது?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சாயப்பட்டறை முடிச்சு. துணிமூட்டை கொதிக்கிற தொட்டியில் நாள் முழுக்க உருண்டாலும் அவிழக்கூடாது என்று போடுவது. எப்படி அவிழ்ப்பது என்பது போட்டவர்களுக்குத்தான் தெரியும்.

"கத்தரிக்கோல் இருக்கு. வெட்டிரட்டுமா?"

"ஐயோ, வேணாம்! நாடா அறுந்திருந்தா என்ன பதில் சொல்வேன்?"

"அப்ப இப்படியே போயிடுங்க. நல்லாத்தான் இருக்கு, பளிச்னு."

போகலாமா? ஒரு நிமிஷம் நிஜமாகவே யோசித்தேன். வாடாமல்லிக்குள்ளும் நான் நான்தானே? வருகிறது வரட்டும், நெஞ்சை நிமிர்த்தி ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தால் என்ன? அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் ஒரு ஹாரன் கேட்டது. பழக்கமான ஹாரன். மீசையின் வண்டி. நான் அடுத்த நொடி பழைய டயர் அடுக்குக்குப் பின்னால் இருந்தேன். எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியாது. அவர் போன பிறகுதான் தலையை வெளியே நீட்டினேன்.

வண்டியைத் திருப்பினேன். நேராக வீடு. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, எதையாவது மறந்துட்டீங்களா?"

"அவிழ்!"

"பிடிக்கலையா?"

"கழட்டினேன்! ஆறு நாளும் கழட்டினேன்! கிரீமை சீட்டுக்குத் தேய்ச்சேன்! போதுமா? இப்ப அவிழ்!" தோற்றவன் குரல் மாதிரியே இல்லை. தெருவே அதிர்ந்தது.

"தெரியும்" என்றாள். "உங்க தோலைவிட சீட்டு நல்லா இருந்தப்பவே தெரியும்."

"அப்ப ஏன் சும்மா இருந்த?"

"கேட்டா இல்லன்னுதான் சொல்வீங்க. சரி, திரும்புங்க."

அவள் விரல் பட்டதும் முதல் முடிச்சு பூப்போல் அவிழ்ந்தது. இரண்டாவதும். மூன்றாவதும். நாலாவதில் கையை நிறுத்திவிட்டாள்.

"இதைக் கழட்டிட்டா வெயிலுக்கு என்ன போட்டுப்பீங்க?"

"அந்த ஸ்லீவ் இருக்கில்ல?"

"அது சல்லடைன்னீங்க."

"சல்லடை இல்ல. நல்ல துணி. ரொம்ப நல்ல துணி."

"க்ளவுஸ்?"

"போட்டுக்கறேன்."

"கழுத்துத் துணி? கிரீம்?"

"குடு. எல்லாத்தையும் குடு."

"வேணாங்க. உங்களுக்குப் பிடிக்காததை நான் எதுக்குக் கட்டாயப்படுத்தணும்? உங்க தோல் உங்களோடது."

நாலாவது முடிச்சு முதுகில் இறுகிக்கொண்டிருந்தது. எட்டே முக்கால் ஆகிவிட்டது.

"பிடிக்கும்!" என்று கத்தினேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "ஸ்லீவ் எனக்கு ரொம்பப் பிடிக்கும்! அது இல்லாம என்னால வண்டியே ஓட்ட முடியாது! தயவுசெஞ்சு குடு!"

அவள் எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கடைசி முடிச்சை அவிழ்த்தபடி சொன்னாள்: "இவ்வளவு ஆசைப்பட்டுக் கேக்கறீங்க, நான் எப்படி மாட்டேன்னு சொல்றது?"