எஸ்ஃபந்தியார் ஊர் காட்டிய வெள்ளிக்கிழமை

அன்று அந்த வண்டியில் கிளம்பியவர்கள் ஐந்து பேர். பெயர்களை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இன்று எங்கள் ரஷ்த் நகரில் பாதிப் பேர் ‘நானும் பின்சீட்டில்தான் இருந்தேன்’ என்கிறார்கள். எங்கள் குடும்பத்துப் பெரியவர், அரிசி வியாபாரி எஸ்ஃபந்தியார். அவர் மகள் கில்னாஸ். யஸ்த் நகரிலிருந்து சம்பந்தம் பேச வந்திருந்த ஹாஜி கலந்தர். ஹாஜியின் மனைவி பீபி சுல்தான். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மைசம். ஆறாவதாக ஒருவர் வழியில் ஏறினார். அவரோடு ஒரு வாத்தும் ஏறியது. வேறு யாரும் கிடையாது.

“ஜனாப், இது எந்த ஊரு?” என்றார் ஹாஜி.

வண்டி ஒரு முச்சந்தியில் நின்றிருந்தது. மழை பெய்துகொண்டிருந்தது. எஸ்ஃபந்தியார் முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நெல்வயல், ஒரே மாதிரி தகரக் கூரை, ஒரே மாதிரி மாடு.

“இதுவா? இது ஷஃப்த். என் உள்ளங்கை மாதிரி. தம்பி, இடது பக்கம் திருப்பு.”

மைசம் இடது பக்கம் திருப்பினான். ஐம்பது அடி போனதும் ‘சோமே சரா உங்களை அன்புடன் வரவேற்கிறது’ என்று ஒரு பெரிய பலகை வந்தது.

விஷயம் இதுதான். தொலைபேசியில் பேசியபோது ஹாஜி சொன்னார், “பொண்ணு எடுக்கிற மண்ணை முதல்ல தெரிஞ்சுக்கணும்ங்க. உங்க கீலானோட மாவட்டங்கள், சின்னச் சின்ன ஊருங்க எல்லாத்தையும் ஒரு சுத்து காட்டுங்க. நாங்க பாலைவனத்து ஆளுங்க, எங்களுக்கு எல்லாம் புதுசு.” அதற்கு எஸ்ஃபந்தியார், “நான் டீ குடிக்காத ஊரு இந்த மாகாணத்துல கிடையாது ஹாஜி” என்று சொல்லிவிட்டார். உண்மையில் அவர் கடையையும் வீட்டையும் விட்டுத் தாண்டியது குறைவு. ஒரு பக்கம் லாஹிஜான், மறு பக்கம் ஃபூமன். அதற்கு மேல் போனால் அவருக்குத் தலை சுற்றும். ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான். சொந்த மண் தெரியாதவன் வீட்டிலிருந்து பெண் எடுக்க யார் வருவார்கள்? கில்னாஸுக்கு இதுவரை வந்த நல்ல இடம் இது ஒன்றுதான்.

காலையில் யஸ்த் வண்டி வாசலில் வந்து நின்று மூன்று பேரும் இறங்கியதும், எஸ்ஃபந்தியார் முதலில் ஹாஜியைக் கட்டிக்கொண்டார். பிறகு மைசத்தை இழுத்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். அவன் திடுக்கிட்டுப் போனான். ‘மாப்பிள்ளை’ என்று கூப்பிடவில்லை. பேசி முடிப்பதற்கு முன் அந்தச் சொல்லை வாயில் எடுப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. வந்தவர்களிடம் ‘நீங்கள் யார், நீ யார்’ என்று வாசலில் நிறுத்தி விசாரிப்பதும் வழக்கமில்லை.

ஹாஜி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தார். “சோமே சரான்னு போட்டிருக்கே?”

“சோமே சராவேதான். எல்லையை இழுத்துக்கிட்டே வர்றாங்க. ஷஃப்த்காரங்க பாவம்.”

“என் தப்புங்க” என்றான் மைசம் மெதுவாக. “ஜனாப் வலது பக்கம்னுதான் சொன்னாரு. நான்தான் மாத்தித் திருப்பிட்டேன்.”

எஸ்ஃபந்தியார் அவனை ஓரக்கண்ணால் பார்த்தார். நல்ல பிள்ளை.

பின்சீட்டிலிருந்து கில்னாஸ், “அப்பா, போன்ல வழி பாக்கட்டுமா?” என்றாள்.

“சொந்த மண்ணைப் போன்ல பாக்குற அளவுக்கு நாம இன்னும் போயிடல. கொடு அதை.”

போனை வாங்கி கோட்டின் உள்பைக்குள் போட்டுப் பொத்தானையும் மாட்டிவிட்டார். கில்னாஸ் ஏற்கெனவே வழியைத் தட்டிவிட்டிருந்தாள் என்பது அவருக்குத் தெரியாது. அடுத்த வளைவில் அவர் நெஞ்சிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது: “முடிந்த இடத்தில் வண்டியைத் திருப்பவும்.”

“யாரும்மா அது?” என்றார் பீபி சுல்தான்.

“ரேடியோ” என்றார் எஸ்ஃபந்தியார், நெஞ்சை அமுக்கியபடி.

“முடிந்த இடத்தில் வண்டியைத் திருப்பவும்.”

“உங்க ரேடியோவுல பாட்டெல்லாம் போட மாட்டாங்களா?”

இனிமேல் பலகைகளை ஹாஜி பார்க்கக் கூடாது என்று எஸ்ஃபந்தியார் முடிவு செய்தார். பலகை தெரிந்தவுடன் எதிர்ப்பக்கம் கையை நீட்டி, “ஹாஜி, அங்க பாருங்க, பட்டுப்பூச்சி வளக்குற வீடு!” என்பார். “அங்க பாருங்க, வாய்க்கால்!”

“எவ்வளவு தண்ணி வீணாப் போகுது!” என்று ஹாஜி ஒவ்வொரு வாய்க்காலுக்கும் மனம் வெதும்பினார். திரும்பித் திரும்பிப் பார்த்ததில் அவர் கழுத்து பிடித்துக்கொண்டது. பீபி தைலம் தேய்த்துவிட்டார். அதன் பிறகு ஹாஜியால் ஒரு பக்கம் மட்டும்தான் பார்க்க முடிந்தது. பலகைகள் எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருந்தன.

மாசாலில் கடைத்தெரு வந்தது. ஹாஜி சாய்ந்த கழுத்தோடு கேட்டார், “ஜனாப், எல்லா ஊரிலயும் டீ குடிச்சிருக்கேன்னீங்க. இங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்லையா?”

“இல்லாம என்ன!”

டீக்கடை வாசலில் வாத்துக் கூடையோடு ஒரு நடுவயதுக்காரர் உட்கார்ந்திருந்தார். எஸ்ஃபந்தியார் கையை விரித்துக்கொண்டு நேராக அவரிடம் போனார்.

“அடேடே! என்னைத் தெரியலையா? எஸ்ஃபந்தியார்!”

அந்த மனிதர் ஒரு நொடி விழித்தார். நேருக்கு நேர் ஒருவரைப் பார்த்து ‘உன்னைத் தெரியாது’ என்று சொல்வது எங்கள் பக்கத்தில் போலீஸ்காரரிடம் மட்டுமே செய்கிற காரியம்.

“தெரியாம என்னங்க! உங்க கால் எங்க கண்ணு மேல! எவ்வளவு நாளாச்சு!”

“ரொம்ப நாளாச்சு.”

“கடைசியா எங்க பாத்தோம்?”

“அங்கதான்.”

“ஆமா ஆமா, அங்கதான்” என்றார் அவர். “பழைய நேமத்தேதான் நான், மாறவே இல்ல.”

அப்பாடா, பெயர் கிடைத்தது. “நேமத், அப்பா எப்படி இருக்காரு?”

“அவர் தவறிப் பல வருஷமாச்சே.”

“அது தெரியும். கல்லறையெல்லாம் சரியா இருக்கான்னு கேட்டேன்.”

பிறகு நேமத் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரச் சொன்னார். அதுவும் மரியாதைக்குத்தான். எஸ்ஃபந்தியார் மறுத்தார். மறுபடி கூப்பிட்டார். மறுத்தார். மூன்றாவது முறையும் கூப்பிட்டார். மறுத்தார். வழக்கப்படி மூன்றாவது மறுப்போடு அது முடிந்திருக்க வேண்டும். ஆனால் நேமத், பழைய நண்பனின் மனம் நோகக் கூடாதே என்று இன்னொரு முறையும் கூப்பிட்டுவிட்டார்.

“இதுக்கு மேல மறுத்தா பாவம்ங்க” என்றார் ஹாஜி. “இவ்வளவு உயிரா இருக்காரு!”

நேமத்தின் முகம் தொங்கிப்போனது. எஸ்ஃபந்தியாரின் முகமும்தான்.

வீட்டுச் சமையலறையிலிருந்து நேமத்தின் மனைவி கேட்டது கூடத்தில் எஸ்ஃபந்தியார் காதில் விழுந்தது. “யாரு இவங்க?”

“சும்மா இரு. ரொம்ப வேண்டியவங்க.”

“வேண்டியவங்கன்னா யாரு?”

“அதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டே இருக்கேன்.”

சுட்ட கத்தரிக்காயும் பூண்டும் முட்டையும் சேர்த்துக் கிண்டியது வந்தது, சோறு வந்தது, மீன் வந்தது. மைசம் கடைசியில் கதவோரம் உட்காரப் போனான். எஸ்ஃபந்தியார் அவன் கையைப் பிடித்து இழுத்து, பெரியவர்கள் உட்காரும் இடத்தில், ஹாஜிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். மீனின் நடுத்துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தார். “சாப்பிடு தம்பி, வெட்கப்படாதே.” மைசம் ஹாஜியைப் பார்த்தான். ஹாஜி தலையசைத்தார். பீபி சுல்தான் ஹாஜியின் காதில் ஏதோ சொன்னார். இருவர் முகத்திலும் மகிழ்ச்சி. காரியம் கூடிவிட்டது என்று எஸ்ஃபந்தியார் நினைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது நேமத் ஒரு வாத்தைக் கொடுத்தார். எஸ்ஃபந்தியார் பேச்சுக்கு, “நீங்களும் எங்ககூட ரெஸ்வான்ஷஹர் வரைக்கும் வந்துட்டுப் போகலாமே” என்றார். விருந்தில் பட்ட செலவுக்குப் பழி வாங்குவதுபோல நேமத் உடனே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

“ரெஸ்வான்ஷஹருக்குக் குறுக்கு வழி இருக்கு. எனக்கு அது எங்க வீட்டு முற்றம் மாதிரி.”

இப்போது வழி சொல்ல இருவர். ஒருவர் வலது என்றால் மற்றவர் இடது என்றார். வாத்து எல்லாவற்றையும் எதிர்த்தது.

“முடிந்த இடத்தில்…” என்றது கோட்டுப்பை.

“இந்தம்மாவை யாராவது நிறுத்துங்களேன்!” என்றார் பீபி.

குறுக்கு வழி குறுகியது. தார் போய்க் கப்பி வந்தது. கப்பி போய்ச் சேறு வந்தது. வயல் வரப்பின் நடுவே வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, முனகி, நின்றது.

“நேமத், இது எந்த இடம்?”

நேமத் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். “உண்மையச் சொல்றதுன்னா, நான் எப்பவும் பஸ்ல தூங்கிக்கிட்டேதான் போவேன்.”

மைசம் இறங்கினான். காலுறையைக் கழற்றி, கால்சட்டையை மடித்து, முழங்கால் அளவு சேற்றில் நின்று தள்ளினான். கில்னாஸ் வைக்கோலை அள்ளி வந்து சக்கரத்தடியில் போட்டாள். போட்டுவிட்டு அவளும் தள்ளினாள். சக்கரம் சுழன்று இருவர் முகத்திலும் சேற்றை அடித்தது. அவள் சிரித்துவிட்டாள். அவனும்.

டிராக்டரோடு வயல்காரர்கள் கூடிவிட்டார்கள். அவர்களில் ஒருவன் உரக்கக் கேட்டான், “எந்த ஊருங்க? ரஷ்தா? ரஷ்த்காரருக்கு ரெஸ்வான்ஷஹருக்கு வழி தெரியாதா? என்ன ஜனாப், வெளியூர்க்காரங்க முன்னால நம்ம மானத்தை வாங்கிட்டீங்களே!”

எஸ்ஃபந்தியாரின் காது சிவந்தது. ஹாஜி சாய்ந்த கழுத்தோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இது ஒரு கணம். இந்தக் கணத்தில் சம்பந்தம் முறிந்திருக்கலாம்.

“அவரை ஒண்ணும் சொல்லாதீங்க” என்றான் மைசம், சேற்றிலிருந்து. “அவருக்கு ஒவ்வொரு வழியும் தெரியும். சரியாத்தான் சொன்னாரு. காலைலேர்ந்து நான்தான் தப்புத் தப்பா ஓட்டுறேன்.”

எஸ்ஃபந்தியார் வண்டிக் கதவைத் திறந்தார். அடுத்தவர் மானத்தைத் தன் தலையில் சுமக்கிற இப்படி ஒரு பிள்ளை! வழக்கம், ஒழுங்கு, பேசி முடிப்பது எல்லாம் அவருக்கு மறந்துபோனது. புது பூட்ஸோடு சேற்றில் இறங்கினார். மைசத்தின் நெற்றியில் முத்தமிட்டார்.

“எல்லாரும் கேட்டுக்கோங்க! என் பொண்ணு கில்னாஸை இந்தப் பிள்ளைக்குத்தான் கொடுக்கிறேன். என் சொல், எங்க பரம்பரைச் சொல்!”

வயல்காரர்கள் கைதட்டி ‘முபாரக், முபாரக்’ என்று கத்தினார்கள். வரும் வழியில் ஃபூமனில் வாங்கி வண்டியில் வைத்திருந்த வால்நட் பணியாரப் பெட்டியை நேமத் உடைத்து எல்லோருக்கும் கொடுத்தார். வாத்து கூட அமைதியாகிவிட்டது. ஹாஜி மட்டும் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

கடைசியில் பீபி சுல்தான்தான் பேசினார்.

“ஜனாப், இவன் எங்க டிரைவர்ங்க. எங்க பையன் யஸ்த்ல கடையில இருக்கான். முதல்ல பெரியவங்க வந்து பாக்குறதுதானே எங்க வழக்கம்? டிரைவரைக் கூட கட்டிப்பிடிச்சு, பெரியவங்க இடத்துல உட்கார வச்சு, மீன் எடுத்து வச்சீங்களே, எவ்வளவு பெரிய மனசுன்னு நாங்க அதைத்தான் காலைலேர்ந்து பேசிக்கிட்டு வந்தோம்.”

மழை விடவில்லை. நிறைய பேர் நின்றிருந்தார்கள், எல்லோர் வாயிலும் பணியாரம் இருந்தது. எங்கள் குடும்பத்தில் நாலு பேர் முன்னால் கொடுத்த சொல்லைத் திருப்பி வாங்கியவர் இதுவரை யாரும் இல்லை.

அதன் பிறகு ரஷ்த் கடைத்தெருவில் பலதும் பேசினார்கள். வண்டி கால்வாயில் விழுந்தது என்றார்கள். அது கால்வாய் இல்லை, வயல். ஹாஜி கோபித்துக்கொண்டு நடந்தே போனார் என்றார்கள். அவர் மரியாதையாக பஸ்ஸில் போனார். இன்னொன்றையும் சொல்கிறார்கள்: எங்கள் வீட்டுப் பெண்ணை ஒரு டிரைவருக்குக் கொடுக்கப் போனோமாம், அவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம்.

இது அப்பட்டமான பொய். அவன் வேண்டாம் என்று சொல்லவே இல்லை.