வெர்னியர் சாரின் கோழிகளுக்குக் குளிர்கிறது

சென்னைக்குக் குளிர்காலம் என்று ஒன்று உண்டு என்பதை மனப்பூர்வமாக நம்பிய ஒரே ஜீவன் எங்கள் தெரு வெர்னியர் சார்தான். நமக்கெல்லாம் வெயில், கடும் வெயில், வெள்ளம் என்று மூன்றே பருவம். அவருக்கு நான்காவதாக ஒன்று இருந்தது. தேங்காய் எண்ணெய் பாட்டிலின் அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் உறைந்துவிட்டால் போதும், அன்று முதல் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டுதான் வாசலுக்கு வருவார். அந்த நேரத்தில் நாங்கள் ஃபேனை மூன்றில் வைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்போம்.

அஸ்தினாபுரத்தில் எங்களுக்கு எதிர் வீடு அவருக்கு. திருமுடிவாக்கத்தில் ஒரு கம்பெனியில் முப்பது வருடம் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்து ரிட்டயர் ஆனவர். போல்ட்டோ புஷ்ஷோ, வெர்னியர் காலிபரை வைத்து அளந்து, இம்மி கூடினாலும் குறைந்தாலும் ரிஜெக்ட் பெட்டியில் போட்டுவிடுவாராம். முதலாளியின் மச்சான் கொண்டுவந்த சரக்கையே திருப்பி அனுப்பியவர் என்று பேச்சு. ரிட்டயர் ஆன பிறகும் அந்தக் கருவி சட்டைப் பையை விட்டு இறங்கவில்லை. ஒரு நாள் காலையில் இட்லியை அளந்துவிட்டு, "ஸ்டெல்லா, இன்னிக்கு ஓரம் ரெண்டு மில்லி மெல்லிசா வந்திருக்கு" என்றார். அவர் மனைவி ஸ்டெல்லா டீச்சர் மறுநாளே பம்மலிலிருந்து நான்கு நாட்டுக்கோழி வாங்கி வந்து, அவரைக் கொல்லைப்பக்கம் அனுப்பிவைத்தார்.

கோழிகளுக்கு அவர் வைத்த பெயர்கள் ஏ-ஒன், ஏ-டூ, பி-ஒன், பி-டூ. முட்டை வந்ததும் அகலத்தை அளந்து, ஓட்டின் மேல் பென்சிலால் அளவெழுதி, 'ஓகே' என்று போட்டு, கீழே ஒரு கையெழுத்தும் இடுவார். ஒருமுறை எங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு முட்டை வந்தது. அதிகாரி கையெழுத்துப் போட்டதை உடைத்து ஆம்லெட் போட என் மனைவிக்குக் கை வரவில்லை. இரண்டு நாள் அப்படியே வைத்திருந்தாள்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் நவம்பரில்தான் வந்தது வினை. நான்கு கோழியும் சொல்லிவைத்தாற்போல முட்டையை நிறுத்திவிட்டன. இறகு வேறு கொல்லை முழுக்கப் பறந்தது. மீன் கொண்டுவரும் எல்லம்மாக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், எறகு உதுர்ற நேரம். இப்ப இன்னாத்துக்கு முட்ட வெக்கும்? ரெண்டு மாசம் சும்மா வுடு, தன்னால வெக்கும்."

"இல்லம்மா. குளிர். கோழிக்குக் குளிருது."

"குளிரா! நானே வேர்த்துக் கொட்டிகினு நிக்கறேன்" என்று முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார் எல்லம்மாக்கா.

எல்லம்மாக்கா சொன்னால் யார் கேட்பது? வீடியோ சொன்னால்தானே கேட்போம். எந்த ஊரோ தெரியாது, இடுப்பளவு பனியில் நின்றுகொண்டு ஒரு வெள்ளைக்கார அம்மா தன் கோழிகளுக்குக் குளிர்காலப் பலகாரம் செய்து போடுகிறார். அதைப் பதினேழு தடவை பார்த்ததாக சார் என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

முதலில் முழு முட்டைக்கோஸைக் கயிற்றில் கட்டி முருங்கை மரத்தில் தொங்கவிட்டார். கோழிகள் துள்ளித் துள்ளிக் கொத்துமாம், உடம்பு சூடாகுமாம். சாரின் கோழிகள் அந்தப் பச்சைத் தலையை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தன. பிறகு இரண்டு நாள் மதில் மேலேயே குடியிருந்தன. கோஸைத் தெருப் பசு ஒன்று மதிலுக்கு மேல் கழுத்தை நீட்டித் தின்றுவிட்டுப் போனது. அடுத்தது கம்பங்கூழில் மிளகும் மஞ்சளும் போட்டு, ஆவி பறக்க, காலை ஆறு மணிக்கு. அதில் பாதியை அவரே குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்.

மூன்றாவதுதான் பெரிய திட்டம். அந்த அம்மா மாட்டுக்கொழுப்பில் தானியத்தைப் போட்டு உறைய வைத்துக் கட்டியாகத் தொங்கவிட்டாராம். நம் ஊருக்குத் தேங்காய் எண்ணெய் என்று சார் முடிவு செய்தார். கம்பு, கேழ்வரகு, சூரியகாந்தி விதை, முருங்கைக்கீரை, எல்லம்மாக்காவிடம் வாங்கிய நெத்திலிக் கருவாடு எல்லாம் சேர்த்து, வடை மாதிரி நடுவில் ஓட்டையோடு கட்டி வரும் ஒரு டின்னில் ஊற்றி, ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் காலை கல் மாதிரி எடுத்துக் கட்டினார். கோழிகள் உண்மையாகவே மொய்த்தன. சார் கண் கலங்கிவிட்டார். ஆனால் ஒன்பது மணிக்கு அஸ்தினாபுரத்து வெயில் வந்தது. கட்டி உருகிச் சொட்டச் சொட்ட, அடியில் நின்ற பி-டூ தலையிலிருந்து வால் வரை எண்ணெய் வழிந்து, தீபாவளிக் குளியலுக்குத் தயாராக நின்றது.

"எண்ணெய் தேச்சா சூடு தணிஞ்சிடுமே தம்பி! இன்னும் குளிருமே!" என்று என்னிடம் பதறி, துண்டை எடுத்துத் துவட்டினார்.

அந்த டின் ஸ்டெல்லா டீச்சரின் கிறிஸ்துமஸ் கேக் டின் என்பது அன்று மாலை தெரியவந்தது. அதில் கருவாட்டு வாசனை பிடித்துக்கொண்டது. எலுமிச்சை, சோடா உப்பு, புளி என்று எதற்கும் அசையவில்லை. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தை அடக்கிய குரல் எங்கள் வீட்டுக் கூடம் வரை கேட்டது.

"இதோ பாருங்க. இருபத்திநாலாம் தேதிக்குள்ள அதுங்க முட்டை போடணும். இல்லன்னா இருபத்தஞ்சாம் தேதி பிரியாணி. நாலும்!"

டீச்சர் சொன்னால் சொன்னதுதான் என்று தெருவுக்கே தெரியும். சாருக்குச் சோறு இறங்கவில்லை. கொல்லையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "ஏ-ஒன், ஒண்ணே ஒண்ணு போடும்மா. கொஞ்சம் சின்னதா இருந்தாலும் பரவாயில்ல" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அளவில் விட்டுக்கொடுக்கிறேன் என்று அவர் வாயிலிருந்து வந்ததை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

இருபத்திமூன்றாம் தேதி காலை அவர் பால் வாங்கப் போன நேரம் பார்த்து, கடையில் வாங்கிய ஒரு நாட்டுக்கோழி முட்டையைக் கூண்டு வைக்கோலில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். கால் மணி நேரத்தில் அலறல். ஓடினேன். சார் அதற்குள் அளந்துகொண்டிருந்தார்.

"நாப்பத்தொண்ணு புள்ளி ஆறு" என்றார் மெதுவாக. "நம்ம கோழிங்க முப்பத்தொம்பதைத் தாண்டினதே இல்லையே தம்பி."

முப்பது வருடம் போல்ட்டைப் பார்த்த கண்ணால் என்னையே பார்த்தார். பிறகு முட்டையைப் பார்த்தார்.

"பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டுப் போட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு, பென்சிலை எடுத்து 'ஓகே' போட்டார்.

ஒரு முட்டையா போதும், டீச்சர் ஒத்துக்கொள்வாரா என்று அன்று முழுக்க எனக்குக் கவலை. மறுநாள் விடிந்ததும் என் பங்குக்கு இன்னொன்றோடு போனேன். அங்கே ஏற்கெனவே எட்டு முட்டை கிடந்தது. நான்கு கோழிக்கு! சார் வேறு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். என் கையிலிருந்ததையும் சாதாரணமாக வாங்கி வரிசையில் வைத்துக்கொண்டார். ஒன்று கடையில் விற்கும் பண்ணைக்கோழி முட்டை, சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. ஒன்று வாத்து முட்டை, அதில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. ஒன்றை அளப்பதற்காக உருட்டினார், அது ஒரே சீராக உருண்டது. வேகவைத்த முட்டை. யார் வைத்தது என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

கடைசி முட்டை ஜில்லென்று, மேலே நீர் கோத்து இருந்தது. சார் அதைத் திருப்பினார். அதில் பென்சிலால் முப்பத்தெட்டு புள்ளி நான்கு என்று எழுதி, 'ஓகே' போட்டு, அவருடைய கையெழுத்தே இருந்தது. நவம்பரில் கோழிகள் கடைசியாகப் போட்ட முட்டை. கேக்குக்காக ஸ்டெல்லா டீச்சர் ஃப்ரிட்ஜில் எடுத்து வைத்திருந்தது. சார் அதை ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தார். ஈரத்தைச் சட்டையில் துடைத்துவிட்டு, பழைய கையெழுத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கையெழுத்துப் போட்டார். அன்று ஒன்றைக்கூட அவர் ரிஜெக்ட் செய்யவில்லை.

"ஸ்டெல்லா! உற்பத்தி ஆரம்பிச்சிடுச்சு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சந்தோஷம். காபி ஆறுது, வாங்க" என்றார் டீச்சர், ஜன்னலுக்கு இந்தப் பக்கம் முகத்தைக் காட்டாமல்.

மறுநாள் அந்த வீட்டில் வஞ்சிர மீன் குழம்பு. பொங்கல் கழிந்து கோழிகள் தாமாகவே முட்டையிட ஆரம்பித்தன. எல்லாம் தேங்காய் எண்ணெய்க் கட்டியின் மகிமை என்று சார் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். "ஆமா சார், ஆமா" என்று எல்லம்மாக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

கோழிகளைக் காப்பாற்றிய தெரு என்று எங்களுக்குப் பக்கத்துத் தெருவில் நல்ல பெயர். அதைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் தெருவில் எல்லோருமே பிரியாணிக்கு உயிரை விடுகிறவர்கள், கோழி மேல் யாருக்கும் அப்படியொரு பாசம் கிடையாது. அந்த நாலும் பிரியாணியாகியிருந்தால், காலையில் எழுந்து பார்க்கும்போது குல்லாய் போட்ட அந்த மனிதர் பேச ஆளில்லாமல் கொல்லையில் தனியாக நின்றிருப்பார், அதைத்தான் எங்களில் ஒருவராலும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.