தொடாத காயில்

“காது கூசுதுங்க” என்று சொல்லி, பல் டாக்டர் தன் எலக்ட்ரிக் கிட்டாரை மேசைமேல் வைத்தார்.

ஊரார் பல்லையெல்லாம் கூசவைக்கிற மனிதருக்குக் காது கூசுகிறதாம். கிட்டார் சரிபார்க்கிற காதுக்காரருக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. போன மாதம்தான் அந்தக் கிட்டாருக்குத் தன் கையாலேயே பிக்கப் செய்து மாட்டியிருந்தார். கம்பிகளுக்கு அடியில் உட்கார்ந்து சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப் என்பது வேறொன்றுமில்லை. காந்தத்தைச் சுற்றி, முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. காயில் என்கிற அந்தச் சுற்றில்தான் தொனியே இருக்கிறது என்பது அவருடைய வேதம். எந்தக் காயிலையும் கண்ணை மூடிக் கேட்டே யார் சுற்றியது, எத்தனை சுற்று என்று சொல்லிவிடுவேன் என்று எதிர்ப்பட்டவரிடமெல்லாம் சொல்லித்தான் அவருக்குக் காதுக்காரர் என்ற பெயர் வந்தது.

டாக்டர் விடவில்லை. அவருடைய நண்பரின் கிட்டாரில் இரட்டைக் காயில் பிக்கப் இருக்கிறதாம், அதில் சத்தம் கனமாக வழிகிறதாம், இது மட்டும் கீச்சென்கிறதாம். அந்தத் தெளிவுதான் ஒற்றைக் காயிலின் அழகே என்று காதுக்காரர் எடுத்துச் சொன்னார். டாக்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, “கொஞ்சம் மாத்திக் குடுங்க” என்று போய்விட்டார்.

கடை மச்சானுடையது. ஃபேனுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் காயில் கட்டுகிற கடை. தங்கை புருஷன் ஆயிற்றே என்று ஜன்னலோரம் ஒரு மேசையைக் கிட்டாருக்கென்று விட்டுக்கொடுத்திருந்தார். அந்தத் தங்கையோ, அதாவது காதுக்காரரின் மனைவி, எதிர்மேசையில், கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே, ஃபேன் காயில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“மாப்ள, மூணு தடவை பார்ப்பேன்” என்றார் மச்சான். “அதுக்கு மேலயும் டாக்டர் குறை சொன்னா, அந்த மேசை மோட்டாருக்கு. நீங்களும் ஃபேன் பக்கம் வந்துடுங்க.”

நாற்பத்திரண்டு வயதில் தனக்கென்று காதுக்காரருக்கு இருந்தது அந்த மேசை ஒன்றுதான். ஆனாலும் முறுக்கு குறையவில்லை.

“அவர் கேட்கிற மாதிரி கொஞ்சம் மாத்தித்தான் குடுங்களேன்” என்றாள் மனைவி.

“ஒரு சுத்து கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்.”

பிக்கப்பின் கறுப்பு மூடியை எடுத்துவிட்டு வெள்ளை மூடி போட்டார். டாக்டர்கள் கலர் மாத்திரை கொடுத்து அனுப்புவதில்லையா, அதுபோல இது கலர் மூடி. வேலை முடிந்த திருப்தியோடு சாப்பிடப் போனார்.

இரண்டு நாள் கழித்து டாக்டர் வந்து வாசித்துப் பார்த்தார். கூச்சம் சுத்தமாகப் போய்விட்டதாம். ஆனால் இப்போது மந்தமாக, போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல இருக்கிறதாம். வெள்ளை மூடிக்கே மந்தம் தட்டிவிட்டதே என்று காதுக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு விரலைக் காட்டிவிட்டுப் போனார்.

அடுத்த வைத்தியமாகப் பழைய திருகுகளைக் கழற்றிவிட்டுப் பளபளவென்று புதுத் திருகு போட்டார். இம்முறை மந்தம் போய்விட்டதாம், நடுவில் சதையே இல்லையாம். டாக்டர் படியிறங்கியதும் மச்சான் ஒரு தண்ணீர் மோட்டாரைத் தூக்கி வந்து, கேட்காமல் கொள்ளாமல், ஜன்னலோர மேசையில் பாதியை அடைத்தாற்போல் வைத்தார்.

காதுக்காரருக்கு இப்போது பயத்தைவிட ரோஷம் பெரிதாகிவிட்டது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார். மூன்றாம் தடவை கிட்டாரைத் துடைக்கக்கூட இல்லை. அலமாரியில் சாத்தி வைத்துவிட்டு, இரண்டு நாளும் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு வந்தார். டாக்டர் வருகிற நாளில் எடுத்து மீட்டினார். சுருதி இறங்கியிருந்தது. வெயிலுக்கு இறங்கியிருக்கும் என்று ஏற்றிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டார்.

“என் காயில்” என்றார் மனைவியிடம். “ஆயிரத்துல ஒண்ணா கலந்து வச்சாலும் கண்டுபிடிச்சிடுவேன்.”

அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் ஐந்து நிமிடம் வாசித்தார். பிறகு கிட்டாரை மடியிலேயே வைத்துக்கொண்டு, “இதுதாங்க. இதைத்தான் நான் கேட்டேன்” என்றார். கூட வாசிக்கிற நாலு பேரையும் இங்கேயே அனுப்புவதாகச் சொன்னார். மச்சான் தானே வந்து மேசையிலிருந்த மோட்டாரைத் தூக்கினார்.

அத்தோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் மேசையும் நின்றிருக்கும், மரியாதையும் நின்றிருக்கும். செய்யாத வேலைக்குப் பாராட்டு வாங்க அவருடைய மானம் இடம் கொடுக்கவில்லை.

“டாக்டர், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. மூணு தடவையும் நான் இந்தக் காயில்ல கையே வைக்கல. முதல்ல மூடிய மாத்தினேன், அப்புறம் திருக மாத்தினேன், இப்ப தொடவே இல்ல. கூசுதுன்னதும் இதேதான், மந்தம்னதும் இதேதான், இதுதான்னு இப்ப சொல்றதும் இதேதான். மேசை போனா போகுது. என் காதுல குறையில்ல.”

டாக்டரின் முகம் சுண்டிவிட்டது. தனக்கு ஒவ்வொரு தடவையும் வேறு வேறாகத்தானே கேட்டது என்று தனக்குள்ளேயே முனகிக்கொண்டார். மச்சான் மோட்டாரை இறக்கவும் தோன்றாமல், திருப்பி வைக்கவும் தோன்றாமல் நின்றார். காதுக்காரர் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை.

எதிர்மேசையில் சுற்றுகிற சத்தம் நின்றது.

“உங்க காதுலயும் குறையில்ல டாக்டர்” என்ற மனைவி, கணவர் பக்கம் திரும்பினாள். “நீங்க சாப்பிடப் போறப்ப நான்தாங்க ஒவ்வொரு தடவையும் வேற காயில் சுத்தி வச்சேன். கண்ண மூடி ஒரு தடவை கேட்டா உங்களுக்குத் தெரிஞ்சிடுமேன்னு இத்தனை நாளா பயந்துகிட்டே இருந்தேன்.”