வாசல் மறியலும் வினைல் தரையும்

முப்பத்தோரு வருடமாக என் வீட்டில் என் பாதம் வினைலை மிதித்ததில்லை. இனியும் மிதிக்காது என்று அந்தச் செவ்வாய்க்கிழமை காலை தீர்மானம் நிறைவேற்றினேன். முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தவன் நான். எதிர்த்து ஓட்டுப் போட்டவள் என் மனைவி வெர்னா. தலைவர் என்ற முறையில் அந்த ஓட்டு செல்லாது என்று அறிவித்துவிட்டேன்.

காரணம் இல்லாமல் இல்லை. ஆற்றங்கரையில், வினைல் என்கிற பிளாஸ்டிக் தரைப் பலகை செய்த ஆலையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். பதினோரு மாதம் வேலைநிறுத்தம் நடத்தினேன். துண்டறிக்கை எழுதினேன், அச்சடித்தேன், பனியில் நின்று கொடுத்தேன், தோற்றேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வீட்டுக்குப் போனோம். அன்று ஆலை வாயிலில் நின்று சத்தியம் செய்தேன்: எமில் ஹ்ருஷ்காவின் வீட்டில் அவன் காலுக்குக் கீழே இந்தச் சரக்கு வராது. மற்ற இருநூற்றுப் பதினொரு பேரும் அதே சத்தியம் செய்தார்கள். இப்போது அவர்கள் வீடுகளில் சமையலறையிலிருந்து குளியலறை வரை வினைல். மிச்சம் நான் ஒருவன். அதனால் இந்த ஊரில் என்னைக் கண்டால் சிலர் மரியாதையாகத் தொப்பியைத் தொடுவார்கள். பலர் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள்.

வெர்னாவின் கட்சி வேறு. எங்கள் கூடத்துத் தரை ஓக் மரம். நூறு வயது. இழைத்து இழைத்து ஆணித் தலைகள் வெளியே வந்துவிட்டன. இன்னொரு முறை இழைத்தால் கீழே நிலவறை தெரியும். போன மாதம் அவள் இடது பாதத்தில் ஏறிய சிலாம்பு சீழ் பிடித்து, டாக்டர் கத்தி வைக்க வேண்டி வந்தது.

"எமில், ஒண்ணு இந்தத் தரையை மூடு. இல்ல, என் காலை வெட்டு."

"செருப்புப் போட்டுக்கோ."

"என் வீட்டுக்குள்ள நடக்க எனக்குச் செருப்பா?"

"கொள்கைன்னா கொஞ்சம் குத்தத்தான் செய்யும்."

"குத்துறது என் கால்ல. கொள்கை மட்டும் உன்னோடதா?"

நான் எழுந்து போய்விட்டேன். தோற்கப்போகிறேன் என்று தெரிந்தால் பேச்சுவார்த்தையை முறித்துக்கொள்வது என் வழக்கம்.

சனிக்கிழமை ஓய்வூதியர் கூட்டத்தில் பேசிவிட்டு வந்து பார்த்தால், கூடத்தில் பதினான்கு பெட்டிகள்.

"என்ன இது?"

"வினைல் பலகை. ரெண்டு நாள் கிடந்து வீட்டுச் சூட்டுக்குப் பழகணுமாம். செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்குத் தரை போடுற ஆளுங்க வர்றாங்க."

"சங்கத்து ஆளுங்களா?"

"பின்ன? உன்கூடக் குடும்பம் நடத்திட்டு வேற ஆளைக் கூப்பிடுவேனா?"

மாட்டினாள் என்று உள்ளுக்குள் குதித்தேன். எங்கள் ஊரில் சங்கத்து ஆள் எவனும் மறியலைத் தாண்டமாட்டான். ஆயிரம் பேர் நின்றாலும் மறியல்தான். ஒரு கிழவன் அட்டையோடு நின்றாலும் மறியல்தான். தாண்டியவன் கருங்காலி. அந்தப் பெயர் கல்லறைக்குப் போன பிறகும் போகாது.

செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, நவம்பர் தூறலில், என் வீட்டு வாசலுக்கு வெளியே அட்டையைத் தூக்கிப் பிடித்தேன். 'இந்த வீட்டில் தொழிலாளிக்குத் துரோகம் நடக்கிறது' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன்.

எட்டு மணிக்கு வேன் வந்தது. மார்செல்லஸ் என்ற கட்டுமஸ்தான ஆள் இறங்கினான். அட்டையைப் படித்தான். தொப்பியைக் கழற்றினான்.

"யாரோட மறியல், தோழர்?"

"என்னோடது."

"யாருக்கு எதிரா?"

"உள்ள இருக்கிற நிர்வாகத்துக்கு."

"நிர்வாகம் யாரு?"

"என் பொண்டாட்டி."

அவன் சிரிக்கவில்லை. "மறியல்னா மறியல்தான். நான் வண்டியில உக்காந்திருக்கேன். அட்டை கீழ இறங்குச்சுன்னா உள்ள வருவேன்."

எதிர்ப்பக்கம் வேனை நிறுத்திச் செய்தித்தாளைப் பிரித்தான். முப்பத்தோரு வருடத்துக்குப் பிறகு எனக்கு ஒரு வெற்றி. நெஞ்சை நிமிர்த்தினேன்.

டொக். டொக்.

வீட்டுக்குள் இருந்து வந்தது. ரப்பர் சுத்தியல் சத்தம். அதைத் தூக்கத்தில்கூடக் கண்டுபிடித்துவிடுவேன். ஓடிப்போய்ச் சன்னலில் பார்த்தேன். வெர்னா தரையில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் சுத்தியல். முன்னால் வினைல் பலகை.

"என்ன பண்றே நீ?"

சன்னலைத் திறந்தாள். "தரை போடுறேன்."

"மறியல் நடக்குது!"

"நான் தாண்டலையே. நீ அட்டையைத் தூக்குறதுக்கு முன்னாடியே உள்ளதான் இருக்கேன்."

சட்டப்படி சரி. கதவுப் பிடியில் கை வைத்தேன்.

"வா எமில், தாராளமா வா. ஆனா வெளிய இருந்து மறியலைத் தாண்டி உள்ள வர்றவனுக்கு என்ன பேரு?"

கையை எடுத்துக்கொண்டேன். "பின்வாசல் வழியா வந்தா?"

அவள் இடுப்புப் பையிலிருந்து மஞ்சளேறிய ஒரு துண்டறிக்கையை எடுத்தாள். "'முன்வாசலோ பின்வாசலோ சன்னலோ, பசியோ குளிரோ உடல் உபாதையோ, எக்காரணம் கூறித் தாண்டினாலும் அவன் கருங்காலியே.' நாலாம் பக்கம். யாரு எழுதுனது?"

"நான்."

"நல்லா எழுதியிருக்கே."

டொக். டொக்.

என் நிலைமையை வாசகர்கள் நிதானமாக யோசித்துப் பாருங்கள். அட்டையை இறக்கி உள்ளே ஓடினால் மார்செல்லஸ் வந்து மூன்று மணி நேரத்தில் வேலையை முடித்துவிடுவான். அட்டையோடு நின்றால் வெர்னாவே ஆறு மணி நேரத்தில் முடித்துவிடுவாள். எதிரியை முற்றுகையிட்டிருக்கிறேன் என்று நினைத்தேன். முற்றுகையில் இருந்தவன் நான்.

ஒன்பது மணிக்கு ஒரு வரிசை முடிந்தது. தூறல் மழையாயிற்று. சன்னல் வழியாகப் பார்த்தவன் பதறிப்போனேன்.

"ஏய், சுவரோட ஒட்டி அடிக்காதே!"

"ஒட்டி அடிச்சாத்தானே அழகா இருக்கும்?"

"வெயில் காலத்துல விரியும்! விரிய இடம் இல்லேன்னா நடுவுல கூடாரம் மாதிரி எழும்பும்! சுண்டு விரல் அகலம் விடு!"

"உனக்கென்ன வந்துச்சு? நீதான் வேலைநிறுத்தத்துல இருக்கியே."

அட்டையை இன்னும் உயரத் தூக்கிப் பிடித்தேன். அவள் இரண்டாவது வரிசையைத் தொடங்கினாள். முதல் வரிசையில் பலகைகள் சேரும் மூட்டுக்கு நேராகவே அடுத்த மூட்டையும் வைத்தாள். என்னால் தாங்க முடியவில்லை. முதலாளியை வெறுக்க எனக்குத் தெரியும். மோசமான வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க யாரும் எனக்குக் கற்றுத் தரவில்லை.

"மூட்டைத் தள்ளி வை! ஒரு முழம் தள்ளி! இந்தப் பக்கம் இல்ல, அந்தப் பக்கம்!"

"இப்படியா?"

"பழைய பலகை எந்த வாக்குல ஓடுது பாத்தியா? அதுக்குக் குறுக்கே போடணும். அடியில துருத்திட்டிருக்கிற ஆணியை முதல்ல உள்ள இறக்கு. பழைய தரையோட ஒட்டாம மேல மிதக்குற தரை இது, எங்கேயும் ஆணி அடிச்சுத் தொலைச்சிடாதே!"

"மெதுவாச் சொல்லு, எமில். மழையில கேக்கல."

தொண்டை கட்டும்வரை கத்தினேன். பதினோரு மணிக்குப் பாதிக் கூடம் முடிந்தது. ஒரு மணிக்குக் கதவு நிலையின் அடியை எப்படி அறுத்துப் பலகையை நுழைப்பது என்று கையால் படம் வரைந்து காட்டிக்கொண்டிருந்தேன். மறு கையில் அட்டை. மழையில் எழுத்தெல்லாம் வழிந்து, 'துரோகம்' மட்டும் மிஞ்சியிருந்தது.

அப்போதுதான் என் எழுபத்திரண்டு வயதுச் சிறுநீர்ப்பை தனிச் சங்கம் அமைத்தது.

பக்கத்து வீட்டு டுவைட் நிலைமையைப் புரிந்துகொண்டான். எங்கள் வேலைநிறுத்தத்தின் ஏழாம் மாதம் மறியலைத் தாண்டிப் போன கருங்காலி அவன். கதவை அகலத் திறந்து வைத்தான்.

"வா எமில். நம்ம வீட்டுல போயிக்கோ."

"உன் வீட்டுல போறதுக்கு இங்கேயே வெடிச்சுச் சாவேன்!"

"உன் இஷ்டம். நான் ஒண்ணும் கதவைப் பூட்டல."

ஒரு காலில் நின்றேன். மறு காலில் நின்றேன். மார்செல்லஸ் செய்தித்தாளைத் திருப்பினான். டொக், டொக் என்ற ஒவ்வொரு அடியும் எனக்கு அடிவயிற்றில் விழுந்தது.

இரண்டரைக்குச் சத்தம் நின்றது. கதவு திறந்தது. வெர்னா வாசலில் நின்றாள். அவளுக்குப் பின்னால் சுவர்முதல் சுவர்வரை பளபளவென்று வினைல்.

"பேசித் தீத்துக்கலாமா? உன் கோரிக்கை என்ன?"

"வினைல் கூடாது."

"போட்டாச்சு. அடுத்தது?"

முப்பத்தோரு வருடம் என் கண்முன் ஓடியது. ஆலை வாயில், பனி, இருநூற்றுப் பன்னிரண்டு முகங்கள். எல்லாவற்றுக்கும் மேல் டுவைட்டின் திறந்த கதவு.

"கழிப்பறை," என்றேன்.

"ஏத்துக்கிட்டாச்சு. மறியலை முடிச்சுட்டு வா."

அட்டையைக் கீழே வைத்தேன். ஓடினேன். என் ஈர பூட்ஸுக்கு அடியில் முப்பத்தோரு வருடச் சத்தியம் போயிற்று. தரை முனகக்கூட இல்லை. ஒரு பலகை ஆடவில்லை. ஒரு மூட்டு பிசகவில்லை. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நல்ல வேலை. என் வேலை.

கழிப்பறைச் சன்னல் தெருப்பக்கம் பார்த்தது. வெளியே பேச்சுக் குரல் கேட்டது.

"முடிஞ்சுதாம்மா? நான் கிளம்பட்டுமா?" மார்செல்லஸ்.

"முடிஞ்சது. இவ்வளவு நேரம் உக்காந்ததுக்கு நன்றிப்பா."

"எனக்கென்ன, இன்னைக்கு லீவு நாள்தானே. வண்டியில ஒரு சுத்தியல்கூடக் கொண்டு வரல. அவரு அட்டையை இறக்கியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?"

"இறக்கமாட்டார். எதிர்ல ஒரு வண்டி நிக்கிற வரைக்கும் மனுசன் வெளியவே நிப்பார். வீட்டுக்குள்ள இருந்தா ஒரு பலகை வைக்க விடுவாரா? வெளிய நின்னா எல்லாத்தையும் ஒழுங்காச் சொல்லிக் குடுப்பார்."

"சரிம்மா, வர்றேன்."

"மார்செல்லஸ், மறந்துடாதே. வியாழக்கிழமை படுக்கையறை. அதே எட்டு மணிக்கு வண்டியைக் கொண்டாந்து நிறுத்து."