நின்றபடி நடந்த ஊர்வலம்

ஆரணியில் சுதந்திர தின அணிவகுப்பு எப்படி நடைபெற வேண்டும் என்பது குறித்து 1979-இல் ஓர் உத்தரவு வந்தது. பதினோரு பக்கம். எழுதியவர் விழா அதிகாரி வேணுகோபால். தும்மல் வந்தால்கூட கோப்பில் குறித்துவிட்டுத்தான் தும்முவார் என்று ஊரில் பேச்சு.

உத்தரவின்படி, தங்கவேலுவின் பேண்டு செட்டு நால்வர் நால்வராக, வரிசை கலையாமல் செல்ல வேண்டும். வழி மாறக் கூடாது. எங்கும் நிற்கக் கூடாது. வழியில் டிரம் மட்டும்தான். பாட்டு, கொடியேற்றும் மைதானத்துக்குள் நுழையும்போது.

தங்கவேலு அதற்கெல்லாம் சந்தோஷமாகத் தலையாட்டினார். இருபது வருடமாகக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் கிளாரினெட் ஊதியவர். ஒருவரும் நின்று கேட்டதில்லை. இந்த நாளுக்கென்றே சொந்தமாக ஒரு மெட்டுக் கட்டி மூன்று மாதம் பழகியிருந்தார். அதைக் கேட்க அவர் மனைவி பொன்னியம்மாள் விடிந்ததுமே மைதானத்தில் முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

ஏழு மணிக்குப் பேண்டு எங்கள் தெருவுக்குள் திரும்பியது. தெரு நடுவே, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, நெசவாளி தசரதன் தறியில் ஏற்ற வேண்டிய பட்டு நூல்களைப் பாவாக விரித்துக் கட்டிக் கஞ்சி போட்டிருந்தார்.

"ஜல்தி எடுய்யா," என்றார் வேணுகோபால்.

"ஈரப் பாவுங்க. இப்ப எடுத்தா இழை ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கும். காய ஒன்பது மணி ஆவும்."

"ஓரமா ஒருத்தர் பின்னால ஒருத்தரா பூடறோம் சார்," என்றார் தங்கவேலு.

"நால்வர் வரிசைன்னு போட்டுருக்குதே."

"அப்ப அடுத்த தெருவால போலாங்களா?"

"வழி மாறக் கூடாது."

"சரிங்க, காயற வரைக்கும் நிக்கறோம்."

"நிக்கவும் கூடாது."

அதிகாரி பதினோரு பக்கத்தையும் ஒருமுறை புரட்டினார். பிறகு முகம் தெளிந்தது.

"நடந்துகினே இருங்க. முன்னால மட்டும் போவாதீங்க."

இரண்டு மணி நேரம் பதினாறு பேர் நின்ற இடத்திலேயே நடந்தார்கள். பெரிய டிரம் எல்லப்பனின் பூட்ஸ் அடிப்பாகம் கழன்று தனியாக விழுந்தது. அவர் மேல்பாகத்தோடு நடையைத் தொடர்ந்தார். மாடியெல்லாம் ஜனம். வயிறு வலிக்கச் சிரித்தேன். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

மைதானம் போய்ச் சேர்ந்தபோது கொடி ஏறியிருந்தது, மிட்டாய் தீர்ந்திருந்தது. பொன்னியம்மாள் மட்டும் உட்கார்ந்திருந்தார். விழா முடிந்தபின் வாசிக்க உத்தரவில் இடமில்லை. தங்கவேலு கிளாரினெட்டை உறையில் போட்டுக்கொண்டு அவரோடு வீட்டுக்குப் போனார்.

மறுவருடம் தசரதனுக்கு ஒரு கடிதம் வந்தது. ஆகஸ்ட் பதினைந்து, காலை ஏழு மணிக்கு, அதே இடத்தில் பாவு விரிக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்.

"இந்த வாரம் பாவே இல்லீங்களே," என்று வேணுகோபாலிடம் போய் நின்றார்.

"முன்வருட நடைமுறைன்னு கோப்புல ஏறிப் போச்சு. என்னை இன்னா பண்ணச் சொல்ற?"

தசரதன் நாலு வேட்டியை முடிச்சுப் போட்டுத் தெருவில் கட்டினார். அது காய இரண்டு மணி நேரம் ஒதுக்கப்பட்டது. பேண்டு நின்றபடி நடந்தது. மூன்றாம் வருடம் வந்தவாசியிலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்து பார்த்தார்கள். எங்கள் தெருவுக்கே ஒரு கௌரவம் வந்துவிட்டது. பொன்னியம்மாள் மட்டும் வருடா வருடம் மைதானத்தில் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார்.

1984-இல் மச்சினன் கல்யாணத்துக்குக் கலசப்பாக்கம் போன தசரதன் அங்கேயே தங்கிவிட்டார். தெரு காலியாகக் கிடந்தது. நிற்கக் கூடாது என்பது உத்தரவு. ஆகவே பேண்டு நேராக நடந்து, எங்களைத் தாண்டிப் போய்விட்டது.

இடம் பிடித்து உட்கார்ந்திருந்த நாங்கள் கொதித்துப் போனோம். ஆரணியின் தொன்மையான மரபு அழிகிறது என்று அங்கேயே மனு எழுதினோம். இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. மனுவை எழுதியது நான். என் கையெழுத்து அழகாக இருக்கும். குழாய்த் தண்ணீர் கேட்டு நாங்கள் கொடுத்த மனு அப்போது ஆறு வருடமாகக் கிடந்தது. இதற்கு அன்று மாலையே உத்தரவு வந்தது. பாவுக்குப் பதிலாகத் தெருவின் குறுக்கே நிரந்தரமாக ஒரு கயிறு.

மறுநாள் ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் பொன்னியம்மாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நேத்து ஊதிட்டாருங்க. முழுசா ஊதினாரு. மைதானத்துல நானும் கொடி ஏத்தற பியூனுந்தான் இருந்தோம். நீங்க கேட்டீங்களா?"

"இல்லம்மா," என்றேன். "மனு எழுதிகினு இருந்தேன்."