தறியோரம் குடிவந்த ஆமை

உமாபதிக்குப் பேய் பயம் கிடையாது, பாம்பு பயமும் கிடையாது. பயமெல்லாம் ஆமைக்குத்தான். அது வீட்டுக்குள் கால் வைத்தால் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும் என்று சின்ன வயசிலேயே யாரோ அவர் மண்டையில் ஏற்றிவிட்டார்கள். பாவம், மனுஷன்!

அன்றைக்கும் வழக்கம்போல தறியை அப்படியே போட்டுவிட்டு, எதிர்வீட்டு நெசவாளி குப்புசாமியோடு டீக்கடையில் சிலோன் ரேடியோ கேட்டு முடித்துத் திரும்பினார். கூடத்தில் ஓர் ஆமை நடந்துகொண்டிருந்தது. ஐயோ! ஒரே பாய்ச்சலில் தறிக்குழிக்குள் இறங்கிவிட்டார். நெய்வதற்கு அவர் அத்தனை வேகமாக இறங்கியதே இல்லை.

"மங்கை! இன்னாடி இது?" என்று மனைவியைக் கூப்பிட்டு அலறினார்.

"ஆமைங்க. முசரவாக்கத்து ஏரியில தம்பி பிடிச்சுக்கினு வந்தான். வளர்க்கப் போறேன்."

"குடும்பமே நாசமாப் போயிடும்டி!"

"கச்சபேஸ்வரர் கோயில்ல பெருமாளே ஆமையா வந்து சிவனைப் பூஜை பண்றாரு. காஞ்சிபுரம் நாசமாவா போச்சு?"

உமாபதி தறியைத் திரும்பிப் பார்த்தார். தறியில் பாதிக் கல்யாணச் சேலை நின்றது. பத்து நாளில் முகூர்த்தம். பாவு நூல் அறுந்துவிடுமோ, பட்டில் கறை படுமோ, பெண்வீட்டார் வாசலில் வந்து நின்று கத்துவார்களோ என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்.

"அடைச்சாவது வைடி!"

அண்டாவில் விடச் சொல்லிப் பார்த்தார். ஓடு மோதி மோதி எழுந்த சத்தமே அபசகுனமாகப் பட்டது. மூங்கில் கூடையை அது முட்டிக் கவிழ்த்தது. கடைசியில் பலகைப் பெட்டி ஒன்று அடித்து, ஈரமணல் பரப்பி, தட்டில் தண்ணீர் வைத்து, ஒதுங்க உடைந்த பானையும் போட்டார். இடுப்பு உயரம்!

"காத்தில்லாம செத்துடுச்சின்னா அந்தப் பாவம் நம்ம வீட்டுலதாங்க சுத்தும்."

உடனே பெட்டியை ஒரு ஜாண் உயரத்துக்கு அறுத்துக் குறைத்தார்.

"தறியோரமா வைங்க. தறிச் சத்தம் கேட்டா தலையை உள்ள இழுத்துக்குமாம்."

நெய்து பார்த்தார். தறி டடக் டடக் என்றதும் ஆமை ஓட்டுக்குள் போயிற்று. பீடி பற்றவைக்க நிறுத்தினார். தலை வெளியே வந்தது. கால் விளிம்பில் ஏறியது. சாமி மாடத்தைப் பார்த்துத் திரும்பியது! பீடியை எறிந்துவிட்டு மிதியை மிதித்தார்.

டீக்கடை மறந்துபோயிற்று. சோறுகூட மங்கைதான் ஊட்டினாள்; வாய் மென்றது, கால் நிற்கவில்லை. பத்து நாள் வேலை ஆறே நாளில் முடிந்தது.

சேலையைத் தறியிலிருந்து அறுத்து எடுத்த மறுநாள் பார்த்தால் பெட்டியையே காணோம். உமாபதி தறிக்குழிக்குள் குனிந்து தேடினார்.

"எங்கடி அது?"

"அனுப்பிட்டேங்க."

"அப்பாடா, ஏகாம்பரநாதா!"

சட்டையை மாட்டிக்கொண்டு குப்புசாமியைக் கூப்பிட வாசலுக்கு ஓடினார். எதிர்வீட்டில் தறி மூச்சுவிடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னாடி, குப்புசாமிக்கு இவ்ளோ சுறுசுறுப்பு?"

"ஆமை இப்ப அங்கதான் இருக்குது. நீங்க அடுத்த பாவு ஏத்தினதும் திருப்பிக் குடுத்துடறேன்னு அவரு சம்சாரம் சொல்லியிருக்காங்க."